கரிசலில் பழகிய தூண்டில் வீச்சு

ஈயக்குண்டு போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது.

ரீலிலிருந்து நைலான் நரம்பு 'சொய்ங்' என்று உருவிக்கொண்டு ஓடியது. குண்டு முதல் அலையைத் தாண்டியது, இரண்டாவது அலையையும் தாண்டியது, அலையே எழும்பாத பச்சைத் தண்ணீரில் எங்கேயோ போய் ஒரு வெள்ளைப் பொட்டாக விழுந்தது. விழுந்த சத்தம் கரைக்குக் கேட்கவில்லை. அவ்வளவு தூரம்.

குளத்தூரைத் தாண்டி, உப்பளங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கரை அது. ஞாயிற்றுக்கிழமை காலை. தூண்டில் கம்போடு நின்ற நாலைந்து ஆண்களும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, சேலையை வரிந்து கட்டி நின்றது ஐம்பது வயசைத் தாண்டிய ஒரு பொம்பளை. கோவில்பட்டியில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். கடலில் அவள் வீசிய முதல் வீச்சு! அவள் வேறு யாருமில்லை, நான்தான்.

"எக்கா! எந்த ஊருக்கா நீங்க? எங்கன படிச்சிய இதை?" என்று ஓடி வந்தார் ஜெரால்டு. உப்பளத்தில் எடை போடுகிற வேலை அவருக்கு. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நேராகக் கடலுக்கு வந்துவிடுவாராம். அன்றைக்குத்தான் எங்களுக்குப் பழக்கம்.

எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. "பாத்தியளா! ஏங்க, பாத்தியளா!" என்று குதித்துக்கொண்டே எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்கு முன் அவர் ஆறு தடவை வீசியிருந்தார். ஆறும் நாற்பதடிக்குள் 'தொபுக்' என்று விழுந்திருந்தன. கை ஓய்ந்துபோய், "இதைக் கொஞ்சம் பிடி" என்று கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது தள்ளி நின்ற ஜெரால்டு விளையாட்டாக, "அக்கா, நீங்களும் ஒண்ணு வீசுங்களேன்" என்றார். நான் வீசிவிட்டேன்.

"உனக்கு நல்லா வருது, பேச்சியம்மாள். நீயே வீசு" என்றார் அவர், மெதுவாக. சொல்லிவிட்டு மணலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

குதித்த கால் அப்படியே நின்றுவிட்டது எனக்கு. ஏனென்றால் காலையில் பஸ்ஸில் வரும்போது அவர் சொல்லியிருந்தார்: "இன்னைக்கு ஒரு நாள் பாப்போம். வரலைன்னா இதை விட்டுருவோம்."

இதை விட்டுவிட்டால் அவருக்கு மிச்சம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும்தான்.

சத்தம் நின்ற வீடு

போன வாரம் இதே பக்கத்தில், பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துத் தைத்துக் கண் பூத்துப்போன கதையைச் சொல்லி உங்களையும் அழவைத்துவிட்டேன். இந்த வாரம் அழுகை கொஞ்சம்தான். இருந்தாலும் அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் கடலுக்குத் திரும்ப முடியாது.

எங்க வீட்டுக்காரர் பேர் சண்முகவேல். கோவில்பட்டிக்கும் பசுவந்தனைக்கும் நடுவில் மினி பஸ் ஓட்டினார். அவர் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். பஸ் ஹாரன் பழுதான ஒரு வாரம் முழுக்க, ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தியே வண்டி ஓட்டினவர். பசுவந்தனை ரோட்டில் நின்ற எருமைகூட ஒதுங்கியிருக்கிறது.

வீட்டிலும் அதே சத்தம்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஏட்டி பேச்சி!" என்பார். தெரு முழுக்கக் கேட்கும். காப்பிக்கு ஒரு ஏட்டி, துண்டுக்கு ஒரு ஏட்டி, கிரிக்கெட்டில் யாராவது அவுட் ஆனால் அதற்கும் ஒரு ஏட்டி. "ஏன் இப்படிக் கத்துதிய, நான் என்ன அடுத்த ஸ்டாப்பிலயா நிக்கேன்?" என்று நானும் கத்துவேன். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற சரோஜா, "உங்க வீட்டுச் சண்டையில எனக்கு அலாரமே தேவையில்லக்கா" என்று சிரிப்பாள். அது சண்டையே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். ரோடு வேலைக்காகப் பஸ்ஸைக் காட்டுப் பாதையில் திருப்பிவிட்ட ஒரு மழைக்காலம். மழை பெய்த கரிசல் மண் எப்படியிருக்கும் என்று எங்க பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக்கை மிதித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறங்கிவிடும். மற்ற வண்டியெல்லாம் இறங்கியது. இவர் வண்டி ஒரு நாள்கூட இறங்கவில்லை. "வண்டிகூட மல்லுக்கு நிக்கக் கூடாதுட்டி. அது இழுத்தா கொஞ்சம் விடணும். அசந்த நேரம் பாத்து வாங்கிக்கிடணும்" என்பார். இரண்டாம் கியரிலேயே ஊரைக் கொண்டு சேர்த்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் வைத்து நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஜனங்களை ஏற்றிக்கொண்டு இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. ஒன்பது மாதம். கையில் போன், காதில் ஒன்றும் விழாது. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் "பேச்சியம்மாள்" என்று முழுப் பெயரைச் சொல்லுவார், ரேஷன் கடையில் கூப்பிடுகிற மாதிரி. நான் வராவிட்டாலும் இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்.

ஒரு நாள் சரோஜா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி ஊர்ல இல்லையாக்கா? சத்தத்தையே காணோமே" என்று கேட்டாள். அவர் நாற்காலியில்தான் இருந்தார். அன்றைக்கு நான் தைத்த ஜாக்கெட்டில் இரண்டு கையும் இடதுகை.

காட்டுக்குள் ஒரு கடற்கரை

போனில் அப்படி என்னதான் பார்க்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். எல்லாம் தூண்டில் வீடியோ! வெளிநாட்டுக் கடற்கரைகளில் ஆட்கள் நீளக் கம்பை வைத்து வீசுகிறார்கள். பாஷை தெரியாது, அவர்கள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் குலத்தில் ஒருத்தரும் கடலில் கால் நனைத்ததற்கு மேல் போனதில்லை.

மஸ்கட்டில் இருக்கும் மகனிடம் சொன்னேன். பத்து நாளில் கம்பும் ரீலும் பார்சலில் வந்து இறங்கிவிட்டன. மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற கம்பு. டாக்டரிடம் போய்க் கேட்டேன். "தாராளமா வீசட்டும், வெயிட்டுதான் தூக்கக் கூடாது" என்றார்.

சரி, கடல் எங்கே இருக்கிறது? பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம். அதனால் பசுவந்தனை ரோட்டில், என் நாத்தனார் காட்டில் பழகுவது என்று முடிவானது. பருத்தி பிடுங்கிப் போட்ட வெறுங்காடு. கோடையில் கடல் மாதிரிதான் கிடக்கும், என்ன, தண்ணீர்தான் இல்லை.

பார்த்துப் பார்த்து எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. இடது கால் முன்னால். கம்பு நுனியிலிருந்து குண்டு அரைக் கம்பு நீளத்துக்குத் தொங்க வேண்டும். ரீலின் வளைகம்பியைத் திறந்துவிட்டு, ஓடத் துடிக்கிற நரம்பை ஆள்காட்டி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்த்து, வலது கையால் மேலே தள்ளு, இடது கையால் அடிக்கம்பை நெஞ்சோடு இழு. இரண்டும் ஒரே நேரத்தில். கம்பு வில்லாக வளைந்து நிமிர்கிற நேரத்தில் விரலை விட வேண்டும். முந்தி விட்டால் குண்டு ஆகாசத்துக்குப் போகும். பிந்தி விட்டால் காலடியில் குத்தும்.

வீசுகிற வேகத்தில் மெல்லிய நரம்பு பட்டென்று அறுந்துவிடும் என்பதால், முனையில் மட்டும் இரண்டு மூன்று ஆள் நீளத்துக்குத் தடித்த நரம்பு சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்த ரகசியம் மட்டும் எனக்கு உடனே புரிந்தது. ஜாக்கெட்டில் கை சேருகிற இடத்துக்கு இரட்டைத் தையல் போடுகிறோமே, அதேதான்.

எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. அடிக்கம்பை நெஞ்சோடு இழுக்க வேண்டுமில்லையா? இழுத்த இடது கை நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். ஸ்டென்ட் வைத்த பக்கம். பெரிய ஸ்டியரிங்கை ஒரு கையால் ஒடித்தவர், அந்த ஒரு சாணைத் தாண்ட மாட்டார். குண்டு கிட்டத்திலேயே விழும். "பயப்படாம இழுங்க, டாக்டரே சொல்லிட்டாருல்லா" என்றால், "ம்" என்பார்.

விழுகிற குண்டும் சும்மா விழாது. கோடைக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒவ்வொரு வெடிப்பும் முழங்கை ஆழம். குண்டு சரியாக அதற்குள் போய்ச் செருகிக்கொள்ளும். இழுத்தால் நரம்புதான் அறும். நான் கொக்கிக் கம்பியோடு பின்னாலேயே போய்த் தோண்டுவேன். எத்தனை ஈயக்குண்டு அந்தக் காட்டுக்குள் போயிருக்கிறதோ, நாத்தனார் வீட்டில் உழும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு நாள் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருத்தர் வரப்பிலேயே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, பயபக்தியாக வந்தார்.

"அண்ணாச்சி, எத்தனை அடியில தண்ணி காட்டுது?"

நீளக் கம்பும் கையுமாகக் காட்டில் நடக்கிறவர் நீரோட்டம் பார்க்கிறவராகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் கரிசல் ஆட்களுக்கு முடிவு. வேறு என்ன தோன்றும்?

"தண்ணி பாக்கலைங்க, மீன் பிடிக்கப் பழகுதாவ" என்றேன்.

அவர் காட்டைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுவுஞ் சரிதான். சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க. நம்ம காட்டையும் ஒரு எட்டு வந்து பாத்துக் குடுத்துருங்க" என்று எங்க வீட்டுக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போய்விட்டார்.

கம்பு வரப்பில் சாய்ந்து கிடந்தது. அவர்கள் இரண்டு பேரும் பனைமரத்துக்கு அந்தப் பக்கம் மறைந்ததும் எனக்குக் கை அரித்தது.

முன்னத்தி ஆட்டுக்கு ஒரு கல்

நான் புதூர்ப் பக்கம் ஆடு மேய்த்த வீட்டுப் பெண். எட்டாம் வகுப்பு வரைக்கும் லீவு நாளெல்லாம் ஆட்டோடுதான். பசுமை, பனித்துளி என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள், வெயிலும் வேலிக்கருவையும்தான். திரும்பப் போகச் சொன்னால் போக மாட்டேன்.

ஆனால் அந்த வயதில் ஒன்று கைக்கு வந்தது. கவண். ஒரு கயிறு, நடுவில் கல் வைக்க ஒரு மடிப்பு. ஒரு முனை விரலில் மாட்டியிருக்கும், மறுமுனை பிடித்திருக்கும். சுழற்றிப் பிடித்த முனையை விட்டால் கல் போகும். எப்போது விட வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மந்தையில் முன்னத்தி ஆடு ஒன்று இருக்கும். அது அடுத்தவன் கம்பங்காட்டைப் பார்த்து நடையைக் கட்டினால் மொத்த மந்தையும் பின்னாலேயே போகும். நாம் அதன் மேல் எறியக் கூடாது. அதையும் தாண்டி, அதற்கு முன்னால் போய் விழ வேண்டும் கல். அப்போதுதான் மிரண்டு திரும்பும். கல் குறைந்துபோய் அதற்குப் பின்னால் விழுந்ததோ, தொலைந்தது. துரத்துகிறார்கள் என்று நினைத்து நேராக வெள்ளாமைக்குள்ளேயே பாய்ந்துவிடும். எங்கள் வீட்டில் குறைந்து விழுந்த கல்லுக்குத்தான் அடி விழும். கூடிப்போன கல்லுக்கு யாரும் அடித்ததில்லை.

காட்டில் யாரும் இல்லை. கம்பை எடுத்தேன். நரம்பை விரலில் பிடித்ததுமே தெரிந்துவிட்டது. இது கவணேதான்! கயிற்றுக்குப் பதில் கம்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே வீச்சு. குண்டு நாத்தனார் காட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, அந்தக் கரை வேலிக்கருவைக்குள் போய் விழுந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே பயமும் வந்தது. ஒன்பது மாதம் கழித்து மனுஷன் ஒரு காரியத்தில் கை வைத்திருக்கிறார். அதிலும் பெண்டாட்டி முந்திக்கொண்டாள் என்றால்? விறுவிறுவென்று நரம்பைச் சுற்றி, கம்பை இருந்த இடத்தில் சாய்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றினேன்.

அந்த ரகசியத்தை ஒன்றரை மாதம் காப்பாற்றியவள், கடலைப் பார்த்ததும் போட்டு உடைத்துவிட்டேன். மெதுவாக வீசியிருக்கலாம். வேண்டுமென்றே காலடியில் போட்டிருக்கலாம். கை கேட்கவில்லை, என்ன செய்ய?

மொட்டை முள்

அதனால்தான் அவர் மணலில் உட்கார்ந்ததும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீசிய தூண்டிலை மறந்துபோய் நின்றேன்.

"எக்கா, இழுத்துப் பாருங்க" என்றார் ஜெரால்டு.

கரை வந்து சேர வெகுநேரம் ஆனது, அவ்வளவு நரம்பு. தூண்டில் முள்ளில் இரையாகக் குத்தியிருந்த இறால் குத்தினபடியே இருந்தது. ஒரு எறும்பு கடித்த அடையாளம்கூட இல்லை.

ஜெரால்டு சிரித்தார். "வீச்சு நல்ல வீச்சுக்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அங்கன மீனு கெடையாது. அது வெறும் மணல்திட்டு. நல்லாப் பாருங்க, தூரத்துல அலை வெள்ளையா உடையுதா? அப்புறம் ஓய்ஞ்சு வருதா? கரைக்கிட்ட வந்து திரும்ப உடையுது. நடுவுல கறுப்பா ஒரு பட்டை தெரியுதுல்லா, அது பள்ளம். அலை கிண்டிப் போடுத இரையெல்லாம் அதுக்குள்ளதான் சேரும். மீனும் இங்கனதான் மேயும்."

அவர் கை நீட்டிக் காட்டிய கறுப்புப் பட்டை கரையிலிருந்து நாற்பதடி இருக்கும்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மந்தை இங்கே மேய்கிறது, நான் மந்தையைத் தாண்டிக் கல் எறிந்திருக்கிறேன்! இங்கே திருப்புவதற்கு ஆடு எங்கே இருக்கிறது? தூரமாகப் போனால் நல்ல கல் என்பது எங்கள் காட்டுக் கணக்கு. கடலுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.

"ஏங்க, கேட்டியளா? நீங்க போட்ட எடந்தான் சரியாம்!" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "ஆறுதலுக்குச் சொல்லுதாவ" என்றார் மணலிடம்.

"ஆறுதல் என்ன அண்ணாச்சி ஆறுதல்?" ஜெரால்டு விடவில்லை. "நீங்க ஆறு தடவை போட்டியளே, இறால் திரும்பி வந்துச்சா?"

"இல்ல. எனக்கு ஒழுங்காக் குத்தத் தெரியல. அலை அடிச்சுட்டுப் போயிருது."

"ஆறு தடவையும் முள்ளு மொட்டையாவா?"

"ஆமா."

"அலை இறால் திங்குமா அண்ணாச்சி?"

அவர் தலையைத் தூக்கினார். கடலைப் பார்த்தார், கறுப்புப் பட்டையைப் பார்த்தார். ரோட்டில் பள்ளம் இருக்கிறதா, நிழல்தானா என்று பஸ்ஸுக்குள்ளிருந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை. நெஞ்சு வலி வந்ததற்கு அப்புறம் அன்றைக்குத்தான் அந்தப் பார்வையைப் பார்த்தேன்.

எழுந்து வந்து என் கையிலிருந்து கம்பை வாங்கிக்கொண்டார்.

"இருங்க, இருங்க!" என்றேன். தையல்காரி பர்ஸில் எப்போதும் நூல்கண்டு இருக்கும். புது இறாலாக எடுத்துக் குத்தி, பாலியஸ்டர் நூலால் வரிந்து வரிந்து சுற்றி முடிச்சுப் போட்டேன், ஹூக் தைக்கிற மாதிரி. "இப்ப தின்னட்டும் பாப்போம். முள்ளையும் சேத்துல்லா திங்கணும்!"

"அட, இது நமக்குத் தோணலையே!" என்றார் ஜெரால்டு.

ஏழாவது வீச்சு. இடது கால் முன்னால். வலது கை தள்ள, இடது கை வழக்கம்போல ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. குண்டு நாற்பதடியில் 'தொபுக்'. நேராகக் கறுப்புப் பட்டைக்குள்.

வளைகம்பியை மூடி, நரம்பை விறைப்பாக்கிக்கொண்டு நின்றார். ஒரு அலை வந்தது. இன்னொரு அலை வந்தது.

கம்பு நுனி ஒரு தடவை தட்டியது. பிறகு அப்படியே குனிந்தது!

விடணும், வாங்கிக்கிடணும்

ரீல் அலறியது. அப்படித்தான் சொல்ல வேண்டும். 'கிர்ர்ர்' என்று நரம்பு கடலுக்குள் ஓட, கம்பு வில்லாக வளைந்து, அவர் கால் இரண்டும் மணலில் புதைய இரண்டடி முன்னால் போய்விட்டார்.

"பாறை! அண்ணாச்சி, பாறை மீனு!" ஜெரால்டு கத்துகிறார். கரையில் நின்ற எல்லாரும் ஓடி வருகிறார்கள்.

எனக்கு மீன் கண்ணில் படவில்லை. ஸ்டென்ட்தான் கண்ணில் பட்டது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, முகமெல்லாம் வேர்வை. டாக்டர் வீசச் சொன்னார், கடலோடு கயிறு இழுக்கவா சொன்னார்? எதுவாக இருந்தாலும் நான் பிடித்துக்கொள்கிறேன் என்று பாய்ந்து போய்க் கம்பில் கையை வைத்தேன்.

"ஏட்டி!"

காக்கா எல்லாம் எழும்பிப் பறந்தது. சத்தியமாகப் பறந்தது.

"ஏட்டி பேச்சி! தொடாதட்டி! தள்ளிப் போ அங்கிட்டு! எம் மீனுட்டி இது!"

நான் கையை எடுத்தேன். ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு அலை வந்து சேலையை முழுக்க நனைத்துவிட்டுப் போனது. போனால் போகட்டும்!

அதன்பிறகு அவர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! ரீலின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. அதை இறுக்கினால் நரம்பு ஓடாது. "இறுக்குங்க அண்ணாச்சி, இறுக்கிப் பிடிங்க!" என்று ஒருத்தர் கத்தினார்.

"பிரேக் போட்டா வழுக்கிரும்வே! சும்மா நில்லும்!" என்று அவரையும் ஒரு சத்தம்.

திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினார். மீன் இழுத்தது, விட்டார். அது மூச்சு வாங்க நின்ற நேரம் பார்த்துக் கம்பை நிமிர்த்தி, தாழ்த்தும்போது இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். மறுபடி இழுத்தது, மறுபடி விட்டார். வலப்பக்கம் ஓடினால் கூடவே நாலு எட்டு நடந்தார். மழை பெய்த கரிசல் பாதை, இரண்டாம் கியர், வண்டி நிறைய ஜனம். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வாய் மட்டும் ஓயவில்லை. "வாரும்வே, வாரும்! அங்கிட்டு எங்க போறீரு? ஏட்டி, பாத்தியா இழுப்பை! ஏட்டி, எந்திச்சுப் பாரு!"

அப்போது ஒன்றைக் கவனித்தேன். அடிக்கம்பு அவர் இடது நெஞ்சில் ஊன்றியிருந்தது. அந்த ஒரு சாண் எப்போது போனது என்று அவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லி நினைவுபடுத்துவானேன்?

கடைசியில் பெரிய அலை ஒன்று வந்தது. "இதோட வாங்க அண்ணாச்சி, இதோட வாங்க!" என்றார் ஜெரால்டு. அலையோடு அலையாகப் பின்னால் நடந்து இழுத்தார். தண்ணீர் வடிந்ததும் வெள்ளித் தாம்பாளம் மாதிரி மணலில் கிடந்து துள்ளியது பாறை. ஜெரால்டு பாய்ந்து வாலைப் பிடித்தார். இரண்டு கிலோவுக்குக் குறையாது என்றார், எடை போடுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வாயோரத்தில் என் தையல்நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நெஞ்சு வலிக்கா?" என்று கேட்டேன், முதல் கேள்வியாக.

"பசிக்குட்டி" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம்

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட். காலையில் போகும்போது, டிரைவர் பிரேக் போட்ட இடத்திலெல்லாம் இவர் காலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது, முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு. இப்போது அந்த டிரைவரிடமே பேச்சு. இரண்டு ஸ்டாப்புக்குள் வண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன் பையைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். நான் நூல் சுற்றினதையும் சொன்னார், நான் இரண்டு அலையைத் தாண்டி வீசினதையும் சொன்னார். "இவ வீச்சு என் வீச்சு மாதிரி நாலு மடங்கு போவும். ஆட்டுக்காரில்லா! நான் வீசச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. எங்கன வீசணும்னுதான் சொல்லிக் குடுக்கணும்" என்று ஒரு குத்தும் குத்தினார். எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்து பின்கட்டில் உட்கார்ந்து மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து வந்தது சத்தம்.

"ஏட்டி பேச்சி! கொழம்புக்கு வாலை வெட்டிப் போட்டுறாத! போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பணும்! ஏட்டி, காது கேக்கா?"

சுவருக்கு மேலே சரோஜாவின் தலை எழும்பியது. கையில் ஈரத்துணி, கண் இரண்டும் விரிந்திருந்தது.

"எக்கா, அண்ணாச்சி ஊர்லருந்து வந்தாச்சா?"

கையில் மீன், கண்ணில் தண்ணீர், துடைக்கக் கை இல்லை.

"ஆமா சரோஜா" என்றேன். "இப்பதான் வந்தாவ."